பெயர் மாறியபோது சிகிச்சையும் மாறியது

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் சுரங்கப் பணியில் இறங்கியது. வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பாறைத்தூசியைச் சுவாசித்து உழைத்தனர். 1940–46 ஆண்டுகளில் 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது 3,402 பேருக்குச் சிலிக்கோசிஸ் இருப்பது தெரியவந்தது. இருமலும் மூச்சுத்திணறலும் காசநோயிலும் உண்டு. ஆனால் காசநோய் என்று எழுதினால் அது தொழிலாளியின் விதி. சிலிக்கோசிஸ் என்று எழுதினால் அது தொழிலின் விளைவு. இழப்பீடு கோரும் உரிமை பின்னதற்கே உண்டு.

காரணம் தெரிந்த நோயிலேயே பெயருக்கு இவ்வளவு வலிமை. காரணம் தெரியாத நோயில் அது பார்வையையே பறிக்கக்கூடும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

மூளையைச் சூழ்ந்த நீரின் அழுத்தம், கட்டி எதுவும் இல்லாமலேயே சிலருக்கு உயர்கிறது. தலைவலி, குனியும்போது நொடிப்பொழுது பார்வை மங்குதல், காதுக்குள் நாடித்துடிப்போடு கேட்கும் இரைச்சல் ஆகியவை அறிகுறிகள். கருவுறும் வயதிலுள்ள, உடல் எடை மிகுந்த பெண்களையே இது பெரும்பாலும் தாக்குகிறது. 1904-இல் மாக்ஸ் நோன்னே இதனைப் 'பொய்க்கட்டி' என்றார். 1955-இல் ஃபோலி 'தீங்கற்ற அழுத்தம்' என்ற பெயரைப் பரப்பினார். உயிருக்கு ஆபத்தில்லை என்பதே அதன் பொருள். கண்ணைப் பற்றி அப்பெயர் எதுவும் சொல்லவில்லை. 57 நோயாளிகளை 5 முதல் 41 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வு 1982-இல் வெளியானது. அவர்களில் 14 பேர் நிரந்தரமான, கடுமையான பார்வையிழப்புக்கு ஆளாகியிருந்தனர். பின்னர் 'தீங்கற்ற' என்ற அடைமொழி படிப்படியாக விலகி, 'இடியோபதிக்', அதாவது காரணம் அறியப்படாதது, என்ற சொல் நிலைத்தது.

காரணம் அறியப்படவில்லை என்று சொல்லுமுன் அறியத்தக்க காரணங்களைத் தேடியாக வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். தங்கவயலுக்கு அருகிலுள்ள பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் அந்நோயை விரிவாக ஆராய்ந்துள்ளது. ஆகவே எம்.ஆர்.ஐ.யுடன் சிரைப்படமும் எடுத்த பிறகே முதுகுத்தண்டில் ஊசியிட்டு அழுத்தம் அளக்கப்படுகிறது.

எடைக் குறைப்பே சிகிச்சையின் அடித்தளம். அதனுடன் அசெட்டசோலமைடு மாத்திரையும் சேரும்போது பார்வைப்புலம் மேலும் சற்றுத் தேறுவதை, 165 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. பார்வை விரைந்து குன்றினால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். தலைவலி தணிந்தாலும் பார்வைப்புலச் சோதனையை நிறுத்தலாகாது. வலி குறைந்த பிறகும் விழிநரம்பின் வீக்கம் எஞ்சியிருக்கக்கூடும்.