உருண்டையில் ஒரு துளை: மன்னார் முத்திலிருந்து மிச்சிகன் கராஜ் வரை



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த கிழமை, முன்பு என்னிடம் தொழில்நுட்பப் பாடம் படித்த ஒரு மகன் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். "சேர், இங்க ஒரு போலிங் கூடத்தில வேலை செய்றன். பந்துக்குத் துளை போடுற வேலையைப் பழகிட்டன். வீட்டுக் கராஜில சின்னதா ஒரு கடை போட யோசனை. மேசையில வைக்கிற 8 அங்குல ட்ரில் பிரஸ் ஒன்று மலிவா வந்திருக்கு. சேமிச்ச காசு கொஞ்சம் இருக்கு. எடுக்கவா?"

போலிங் என்றதும் நம்மில் பலருக்கு முரளிதரன்தான் நினைவுக்கு வருவார். இது அந்தப் போலிங் அல்ல. நீண்ட மரத்தளத்தில் கனமான பந்தை உருட்டி, மறுமுனையில் நிற்கும் பத்துக் கட்டைகளை விழுத்தும் விளையாட்டு. பந்தின் விட்டம் ஏறத்தாழ எட்டரை அங்குலம். எடை கூடியது 16 இறாத்தல். அதைப் பிடிக்க மூன்று துளைகள்: ஒன்று கட்டைவிரலுக்கு, இரண்டு நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும். சப்பாத்து வாங்குவது போல இந்தப் பந்தை அளவு பார்த்து எடுத்துவிட முடியாது. வாங்குபவரின் கையை அளந்த பிறகே துளை போடுவார்கள். அதனால்தான் அங்கே இது ஒரு தனித் தொழில்.

அவருக்கு உடனே "எடு", "எடுக்காதே" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் வரலாற்றில் இருக்கிறது. அதை அவருக்கு எழுதும்போது உங்களோடும் பகிரலாம் என்று தோன்றியது.

துளையிடுவது மனிதனின் மிகப் பழைய கைத்தொழில்களில் ஒன்று. இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கர் என்ற இடத்தில், ஏறத்தாழ 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் கடைவாய்ப் பற்களில் துளையிட்ட அடையாளத்தை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒன்பது பேருடைய பதினொரு பற்கள். 2006இல் அது வெளியானது. சிக்கிமுக்கிக்கல் முனை பூட்டிய வில்லுத் துறப்பணத்தால் செய்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வில்லின் நாணைக் குச்சியில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் குச்சி சுழலும். நம் பழைய தச்சர்களின் துறப்பணமும் இதே வகைதான்.

இனி நம் மன்னார்க் கரைக்கு வருவோம். கோர்டினர் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் இலங்கையில் சில வருடங்கள் இருந்துவிட்டு, 1807இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முத்துக் குளிப்பை விவரிக்கும் இடத்தில், முத்துக்குத் துளை போடுவதையும் அவர் சொல்கிறார். கவிழ்த்த கூம்பு போன்ற ஒரு மரக்கட்டை, மூன்று கால்களில் நிற்கிறது. அதன் தட்டையான மேற்பரப்பில் சிறு குழிகள். முத்தை அந்தக் குழியில் வைப்பார்கள். அது அசையாதபடி இறுக்குவார்கள். பிறகு வில்லால் சுழலும் ஊசியை அதன் மேல் வைத்துத் துளைப்பார்கள். உராய்வின் சூடு தணிய, தேங்காய்ச் சிரட்டையில் இருக்கும் தண்ணீரை விரலால் தொட்டு விட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஊசியும் வில்லும் எல்லா ஊரிலும் இருந்தவை. முத்துத் துளைப்பவரின் புத்தி அந்தக் குழியில்தான் இருந்தது. உருண்டைக்குத் தட்டையான அடி கிடையாது. கூரான ஒன்றை மேலிருந்து அழுத்தினால் அது உருளும், வழுக்கும். உருண்டையில் துளைப்பது பாதி வேலை. அசையாமல் பிடிப்பது மறு பாதி. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போவோம்.

அங்கே ஆரம்பகாலப் போலிங் பந்துகள் மரத்தாலானவை. லிக்னம் வீற்றே என்ற மரம். கரிபியன் தீவுகளிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் வளர்வது. தண்ணீரில் போட்டால் தாழும் அளவுக்குக் கனம். ஆனால் மரம் மரம்தான். வெடிக்கும், உருவம் மாறும். 1895இல் நியூயோர்க்கில் அமெரிக்கப் போலிங் காங்கிரஸ் உருவாகி, எல்லா ஊருக்கும் பொதுவான விதிகளைக் கொண்டுவந்தது. 1905இல் கடின இறப்பர்ப் பந்து வந்தது. 1914இல் பிரன்ஸ்விக் கம்பனி மினரலைட் என்ற இறப்பர்ப் பந்தை விற்பனைக்கு விட்டது. பந்து ஒரே சீராக வந்தபோது, துளையும் சீராக இருக்க வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் துளைக்கும் மெஷினும் வளர்ந்துகொண்டிருந்தது. நாம் இன்று பாவிக்கும் முறுக்குப் பிட்டுக்கு 1863இல் ஸ்டீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். அதன் முறுக்கு வாய்க்கால் வழியாகத் தூள் தானாக மேலேறி வெளியே வரும். பிட்டை மூன்று தாடைகளால் கவ்விப் பிடிக்கும் சக்குக்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902இல் காப்புரிமை பெற்றார். நம் ஊர்ப் பட்டறையில் பிட்டை மாட்டிச் சாவியால் திருகுகிறீர்களே, அது இவரிடமிருந்து வந்ததுதான்.

ஆனால் பெரிய தூண் ட்ரில்கள் தொழிற்சாலைகளில்தான் இருந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்த கம்பனிகளில் ஒன்று, மில்வோக்கி நகரில் 1919இல் சிறிதாகத் தொடங்கிய டெல்டா. 1930களில் கராஜிலும் நிலவறையிலும் வைக்கக்கூடிய ட்ரில் பிரஸ்களை அது விற்றது. இதில் ஒரு பொருத்தம்: அமெரிக்கப் போலிங் காங்கிரஸின் தலைமையகமும் பல பத்தாண்டுகள் அதே மில்வோக்கியில்தான் இருந்தது. போலிங் விதிகளை எழுதிய நகரமும், வீட்டு மெஷின் செய்த நகரமும் ஒன்று.

இங்கே கசப்பான ஒரு பக்கத்தையும் சொல்லாமல் போக முடியாது. ஒவ்வொருவர் கைக்கும் தனித்தனியாக அளந்து துளை போட்ட அந்த விளையாட்டில், எந்த நிறக் கை உள்ளே வரலாம் என்பதற்கும் ஒரு சட்டம் இருந்தது. வெள்ளையின ஆண்கள் மட்டுமே அங்கத்தவராகலாம் என்று காங்கிரஸ் தன் யாப்பில் வைத்திருந்தது. கறுப்பின மக்கள் 1939இல் டெட்ரோயிட்டில் கூடித் தங்களுக்கென ஒரு தேசிய போலிங் சங்கத்தை அமைத்தார்கள். பிறகு வாகனத் தொழிலாளர் சங்கமும், கறுப்பின, ஜப்பானிய அமெரிக்க அமைப்புகளும் போராடின. வழக்குகளும் வந்தன. 1950இல்தான் அந்த விதி நீங்கியது. நம் மகன் இன்று வேலை செய்வது அந்த டெட்ரோயிட் இருக்கும் அதே மிச்சிகன் மாநிலத்தில். பெயரும் நிறமும் பார்க்காமல் எல்லோர் கையையும் அவர் அளக்கிறார் என்றால், அந்த வாசலைத் திறக்க முன்பு சிலர் பாடுபட்டிருக்கிறார்கள்.

1946இல் ஏ.எம்.எஃப் கம்பனி, விழுந்த கட்டைகளைத் தானே நிறுத்தும் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. அதுவரை அந்த வேலையைப் பையன்கள் கையால் செய்தார்கள். 1950களில் ஊருக்கு ஊர் போலிங் கூடங்கள் பெருகின. சொந்தப் பந்து வைத்திருப்போர் கூடினார்கள். துளை போடும் கடைகளும் கூடின.

பிறகு பந்தின் பொருள் மாறத் தொடங்கியது. இறப்பருக்குப் பின் பொலியெஸ்டர். 1973இல் டொன் மக்கியூன் என்ற வீரர் தன் பந்தை மெதில் எதில் கீற்றோன் என்ற கரைப்பானில் ஊறவைத்து அதன் மேற்பரப்பை மென்மையாக்கினார். பந்து தளத்தை நன்றாகக் கவ்வியது. அந்த வருடம் ஆறு பட்டங்கள் வென்றார். அதன் பிறகு பந்தின் கடினத்துக்குக் குறைந்தபட்ச அளவு விதித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் பந்துகள், 1990களின் தொடக்கத்தில் ரியக்டிவ் ரெசின் பந்துகள். இவற்றின் உள்ளே எடைக்கட்டை ஒன்று குறிப்பிட்ட வடிவில் இருக்கும். துளை எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து பந்து வளையும் விதமே மாறும்.

முன்பெல்லாம் பந்தின் சமநிலை பிசகினால், விரல் நுழையாத ஒரு மேலதிகத் துளை போட்டுச் சரிசெய்வார்கள். 2020 ஓகஸ்ட் 1 முதல் அமெரிக்கப் போலிங் சபை அதை நிறுத்தியது. பிடிப்பதற்கான துளை மட்டுமே செல்லும். அதாவது, தவறைத் திருத்தும் ஒரு வழி அடைபட்டது. மெஷின் முதல் தடவையே சரியாக இறங்க வேண்டும்.

இப்போது மகனின் கேள்விக்கு வருவோம். மெஷின் வாங்கும்போது நாம் முதலில் பார்ப்பது விலை, அடுத்தது மோட்டாரின் குதிரைவலு. முத்துத் துளைத்தவரிடம் கேட்டிருந்தால், "முதலில் குழியைப் பார்" என்றிருப்பார்.

முதலாவது, இடம். "8 அங்குல ட்ரில் பிரஸ்" என்றால், 8 அங்குல அகலமான வட்டத்தின் நடுவில் துளை போடலாம் என்று அர்த்தம். அப்படியானால் பிட்டின் நடுவிலிருந்து தூண் வரை 4 அங்குலம்தான். எட்டரை அங்குலப் பந்தின் பாதி நாலேகால் அங்குலம். பந்தே தூணில் முட்டும்! 10 அங்குல மெஷினில் பந்து நுழையும், அதைப் பிடிக்கும் ஜிக் நுழையாது. 15 அங்குலத்துக்குக் குறையாமல் பார்க்க வேண்டும். உயரமும் வேண்டும்: கீழே ஜிக், அதன் மேல் பந்து, அதற்கு மேல் நீளமான பிட். ஆகவே நிலத்தில் நிற்கும் வகையே நல்லது. அதன் தலை கனம் என்பதால் அடியை நிலத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

இரண்டாவது, இறக்கம். கட்டைவிரல் துளை ஏறத்தாழ 3 அங்குல ஆழம் போகும். சிறிய மேசை மெஷின்களின் தண்டு இரண்டு, இரண்டரை அங்குலம்தான் இறங்கும். பாதியில் நிறுத்தி மேசையை உயர்த்தினால் நேர் தவறிவிடும். மூன்றரை, நாலு அங்குலமாவது இறங்க வேண்டும்.

மூன்றாவது, வேகம். ஒரு அங்குலப் பிட் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுச் சுற்றினால் போதும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் சூடாகி உருகி ஒட்டும். இடையிடையே பிட்டை உயர்த்தித் தூளை வெளியேற்ற வேண்டும். முத்துக்குத் தண்ணீர் தொட்டு வைத்த அதே கவலைதான் இது.

நான்காவது, ஆட்டம். மெஷினை நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் வேண்டாம்.

ஐந்தாவதுதான் முக்கியம்: ஜிக். பந்தைக் கவ்வி, வேண்டிய சரிவுக்குத் திருப்பி நிறுத்தும் கருவி. துளைகள் எல்லாம் பந்தின் மையத்தை நோக்கிப் போவதில்லை. விரலின் வளைவுக்கேற்ப சற்றே சரியும். அந்தச் சரிவு தவறினால் பந்து விரலில் மாட்டிக்கொள்ளும், அல்லது நேரத்துக்கு முன் நழுவும். வருடக் கணக்கில் அப்படி விளையாடுபவரின் கட்டைவிரல் வீங்கும். ஆகவே கையிலிருக்கும் காசில் ஜிக்குக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் மெஷினைத் தேடுவதே புத்தி.

பல கடைகளில் இந்த வேலைக்கு மில்லிங் மெஷின் வைத்திருக்கிறார்கள். 1938இல் கனெக்டிகட் மாநிலத்தில் வந்த பிரிட்ஜ்போர்ட் வகையைச் சேர்ந்தவை. மேசையை இரு பக்கமும் நகர்த்தலாம் என்பதால், கட்டைவிரலுக்கு நீள்வட்டத் துளையும் வெட்டலாம். ஆனால் ஒன்று ஒரு தொன் அளவுக்குக் கனக்கும். ட்ரில் பிரஸ்ஸில் அதைப் போலப் பக்கவாட்டில் வெட்டப் பார்க்கக் கூடாது. அதன் சக்கு பெரும்பாலும் கூம்புப் பிடியில் உராய்வால் மட்டும் நிற்பது. பக்கத்தால் இழுத்தால் கழன்று விழும்.

இவ்வளவையும் எழுதி அனுப்பிவிட்டு, "மகன், காசு குடுக்க முன்னம் பந்து ஒன்றைக் கொண்டுபோய் மெஷினில வச்சுப் பாருங்க" என்றும் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"சேர், வச்சுப் பார்த்தன். தூணில முட்டுது. கடைக்காரரும் சிரிச்சிட்டார். பழைய 17 அங்குல மெஷின் ஒன்று பக்கத்து ஊரில இருக்காம். சனிக்கிழமை போறன். துஆ செய்யுங்க."

அல்ஹம்துலில்லாஹ். அவருடைய காசு தப்பியது.

நம் ஊரிலும் தையல் மெஷின், மா அரைக்கும் மெஷின், மர மெஷின் என்று கடன்பட்டு வாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வாங்கப் போகும்போது வேலை செய்யப்போகும் பொருளையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்த மகனுடைய ஹலாலான உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆமீன்.