வோட்டுச் சீட்டை வாசிப்பவர்

ஒரு பிரெஞ்சுத் தேர்தலுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, பென்ஷன் வந்துவிட்டதா என்று விசாரிக்க வந்த அம்மாள் ஒருவர், பாஸ்புக்கோடு ஒரு துண்டுக் காகிதத்தையும் என் கவுண்டரில் நீட்டினார். சொல்தா ஒருவரின் விதவை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களைப் புதுச்சேரியில் இன்றும் சொல்தா என்றுதான் சொல்கிறோம். காகிதத்தில் ஒரு பெயர் அச்சாகியிருந்தது.

"இது யார் பேருன்னு படிச்சுச் சொல்லு தம்பி."

பிரெஞ்சு முறையில் நம்முடையதைப்போலச் சின்னம் பார்த்துப் பொத்தான் அழுத்துவது இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு. சீட்டுக்களை எடுத்துக்கொண்டு மறைவுக்குள் போய் ஒன்றை உறையில் வைக்க வேண்டும். மற்றவற்றை அங்கேயே போட்டுவிடலாம். அம்மாள் போட்டுவிடவில்லை, சுருக்குப்பையில் வைத்து எடுத்து வந்துவிட்டார்.

"சொன்ன பேரை உள்ளே வச்சிட்டேன். வைக்காம உட்ட ஆளு யாருன்னு தெரிஞ்சிக்க வேணாமா?"

புதுச்சேரியின் தேர்தல் சரித்திரம் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை நான் படித்த எந்தப் புத்தகமும் கேட்கவில்லை. பிரெஞ்சுப் பிரஜையான இந்த அம்மாளின் தொகுதி, வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கான பதினோராவது தொகுதி. 2012இல்தான் அதற்கு முதல் தேர்தல் நடந்தது. மாஸ்கோ, பெய்ஜிங், டோக்கியோ, சிட்னி எல்லாம் அதற்குள் அடக்கம். முத்தியால்பேட்டைச் சந்து ஒன்றில் தமிழ் மட்டுமே பேசி வாழும் ஒருவர், ஆஸ்திரேலியாவில் வசிக்கும் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து பாரீசுக்கு ஒருவரை அனுப்புகிறார். இது விசித்திரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஊரின் பழைய கதை தெரியாது.

பிரான்சின் 1848 புரட்சி பிரெஞ்சிந்தியாவுக்குப் பாரீஸ் சபையில் ஓரிடம் கொடுத்தது. லூயி நெப்போலியன் காலத்தில் பறிபோன அது 1871இல் திரும்பி வந்தது. படிப்பும் சொத்தும் கேட்காத ஆண் வாக்குரிமை. பிரிட்டிஷ் இந்தியாவில் அப்போது இப்படியொன்றைக் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். 1892இல் தாதாபாய் நவ்ரோஜி லண்டனின் சென்ட்ரல் ஃபின்ஸ்பரி தொகுதியில் விரல்விட்டு எண்ணும் வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்து பார்லிமெண்டுக்குப் போனார். அங்கே ஆங்கிலேயர் வோட்டில் ஓர் இந்தியர் போனார். இங்கே தமிழர் வோட்டில் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். பியேர்-அலிப் 1881இலிருந்து 1898வரை, ஆன்ரிக்-துய்லுக் 1898இலிருந்து 1906வரை. இவர்கள் முகத்தை வில்லியனூர் விவசாயி பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவருக்குத் தெரிந்த முகம் உள்ளூர்த் தலைவருடையது. சுமார் கால் நூற்றாண்டு அந்த முகம் சண்முக வேலாயுத முதலியாருடையதாக இருந்தது. பாரீஸ்காரர் அவருக்கு ஆதரவு, அவர் பாரீஸ்காரருக்கு வோட்டு. நடுவில் இருந்த லட்சக்கணக்கான ஜனங்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் ஒன்று எனக்குத் தெரியும். ஒரு தொகையை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. 1880இல் பத்து கம்யூன்களில் நகரசபைகள் ஏற்பட்டபோது, உள்ளூர் சபைகளுக்கு வோட்டர்களை இரண்டு பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், இந்தியர். ஐரோப்பியர்கள் சில நூறு பேர். பட்டியல் தனி என்பதால் இடமும் தனி. தலைகளின் எண்ணிக்கைக்கும் ஆசனங்களின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை.

1881 செப்டம்பர் 21இன் ஆணை இன்னொரு வழியைத் திறந்தது. ஓர் இந்தியர் தம் ஜாதி வழக்கங்களின்படியான தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, ஒரு குடும்பப் பெயரையும் சூடிக்கொள்ளலாம். இவர்களுக்கு ரெனோன்சான், அதாவது துறந்தவர் என்று பெயர். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை இதற்கு முன்னோடி. 1873இல் ஐரோப்பிய பூட்ஸ் அணிந்து கோர்ட்டுக்கு வந்ததற்காக அவரை வாதாடவிடவில்லை. பாரீஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். பிற்பாடு அவர் எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த். பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். துறந்தவர்களில் பலர் கிறிஸ்தவர்கள், ஜாதி அடுக்கின் அடியில் வைக்கப்பட்டவர்கள். பெயரை மாற்றிக்கொண்டால் ஆள் என்று எண்ணப்படுவோம் என்று நம்பினார்கள்.

எண்ணினார்கள், தனியாக. துறந்தவர்கள் முதல் பட்டியலுக்குள் புகுந்துவிடுவார்களே என்ற கவலை வெள்ளையருக்கும் இருந்தது, மேல்ஜாதி இந்துக்களுக்கும் இருந்தது. 1884இல் மூன்றாவது பட்டியல் பிறந்தது: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். 1899இல் மறுபடி இரண்டாக்கினார்கள். நிபந்தனைகளில் தேறிய சிலர் மட்டும் ஐரோப்பியரோடு மேலே போக, மற்ற துறந்தவர்கள் தாங்கள் துறந்துவிட்டு வந்த கூட்டத்துக்கே திரும்ப அனுப்பப்பட்டார்கள். பெயர் மட்டும் பிரெஞ்சில் தங்கிவிட்டது. கணினித் திரையில் மாதிரிக் கையெழுத்தைச் சரிபார்க்கும்போது அந்தப் பெயர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் யாரோ ஒரு முப்பாட்டன் ஒரு வாக்குறுதியை நம்பியதற்கு ரசீது.

பட்டியல் எழுதுபவருக்கு அடுத்தபடியாக அதிகாரம் உள்ளவர் சீட்டை வாசிப்பவர். பாரதி இங்கே வாழ்ந்தது 1908 முதல் 1918 வரை. அந்தப் பத்து வருஷத்தைப் பற்றி நம் சிறுபத்திரிகைகள் எழுதியது ஏராளம். அதே வருஷங்களில் இதே வீதிகளில் நடந்த தேர்தல்களைப் பற்றி நாம் எழுதியது ஏறக்குறைய இல்லை. 1914இல் பாரீஸ் சபைக்கு நின்றவர்களில் ஒருவர் பால் ரிஷார், பின்னாளில் ஆசிரமத்தின் அன்னையாக அறியப்பட்ட மிராவின் கணவர். எதிரே பால் புளூய்சன். புளூய்சன் ஜெயித்தார், ரிஷாருக்குக் கிடைத்தது சொற்பம். அரவிந்தர் சந்திரநாகூர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றிக் குறைப்படுகிறார். ரிஷார் பெயர் அச்சிட்ட சீட்டுக்களைப் புளூய்சன் என்று வாசித்துவிட்டார்களாம். இரண்டு பேரும் பால்தானே.

தோற்ற பக்கத்தின் புகார் என்று ஒதுக்கினாலும், இப்படிச் செய்ய முடியும் என்று இரு தரப்பும் நம்பிய ஓர் ஊர் இது. பிரதியின் அர்த்தம் வாசகனிடம் இருக்கிறது என்று இன்று நாம் புதிதாகக் கற்றுக்கொண்டதுபோலப் பேசுகிறோம். புதுச்சேரி வோட்டுச் சாவடியில் அது ரொம்பப் பழைய விஷயம். அங்கே அது விடுதலை தரும் கொள்கையாக இருக்கவில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டியல் பிரிவினை இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்புதான் ஒழிந்தது. பெண்களும் வோட்டர்கள் ஆனார்கள். 1946இல் 44 பேர் கொண்ட பிரதிநிதி சபை ஏற்பட்டது. பாரீசுக்கு லாம்பேர் சரவணன் போனார். 1951இல் அவரை எதூவார் குபேர் தோற்கடித்தார். தோற்கடித்தார் என்பது மரியாதையான வார்த்தை. சரவணனுக்கு விழுந்ததாக அறிவிக்கப்பட்டது சில நூறைத் தாண்டவில்லை. ஐந்து வருஷம் இந்தத் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தவருக்கு! பிரான்சின் ஆளாகப் பாரீஸ் போன குபேர் 1954 மார்ச்சில் இந்தியாவின் பக்கம் வந்தார், பிறகு இங்கே முதலமைச்சராகவும் இருந்தார். கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் இன்று அவர் பெயர்தான். ஊர் அவரை மன்னித்ததா, அல்லது கணக்கே பார்க்கவில்லையா என்பது எனக்குப் புரிந்ததில்லை.

எந்த நிலப்பகுதியையும் அங்குள்ள ஜனங்களின் சம்மதமில்லாமல் கொடுப்பது செல்லாது என்று பிரான்சின் 1946 அரசியல் சட்டம் சொன்னது. சந்திரநாகூரில் சம்மதம் கேட்டார்கள். 1949 ஜூன் 19இல் ஜனங்களே வோட்டுப் போட்டார்கள்: இந்தியாவுக்கு 7,473, எதிராக 114. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அது நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18இல் கீழூர் கிராமத்தில் பிரதிநிதி சபையினரும் நகரசபை அங்கத்தினர்களுமாக 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜனங்களைக் கேட்டிருந்தாலும் பதில் இந்தியாதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் தாத்தா தறியை நிறுத்திவிட்டு ஊர்வலம் போனவர். ஆனால் என்ன பதில் வந்திருக்கும் என்று நமக்குத் தெரியும் என்பது, கேட்டதற்குச் சமமாகாது. சீட்டைப் பார்க்காமலே சரியாக வாசித்துவிட்டார்கள். என் தாத்தாவைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. சொல்தாவின் குடும்பத்தைக் கேட்டார்கள்: பிரெஞ்சுப் பிரஜையாக இருக்க விரும்புகிறவர்கள் 1962இலிருந்து ஆறு மாதத்துக்குள் சொல்லலாம் என்றது ஒப்பந்தம். சில ஆயிரம் பேர் சொன்னார்கள்.

அதன் பிறகு நாம் இந்திய வோட்டர்கள். 1955 தேர்தலில் பாரதிதாசனே வென்று சபைக்குள் போனார் என்பதைச் சந்தோஷத்தோடு சொல்லலாம். லோக்சபைக்கு நான்கு பகுதிக்கும் சேர்ந்து ஒரே தொகுதி. மலையாளக் கரையில் மாஹே, கோதாவரிக் கரையில் ஏனாம். 1971இல் நாம் அனுப்பியவர் மோகன் குமாரமங்கலம். டெல்லியில் பெரிய மனிதர், இந்த ஊர்க்காரர் அல்ல. பியேர்-அலிப்புக்குப் பழகிய ஊருக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் தெரிந்திருக்காது. சட்டசபையில் நாம் தேர்ந்தெடுக்கும் 30 பேரோடு மத்திய அரசு நியமிக்கும் 3 பேர் வரை உட்காரலாம். அவர்களுக்கும் வோட்டு உண்டு என்று 2018இல் சுப்ரீம் கோர்ட் உறுதிசெய்தது. 2021 பிப்ரவரியில் ஒரு மந்திரிசபை பெரும்பான்மை இழந்து விழுந்தபோது அந்த மூன்று தலைகளும் எண்ணப்பட்டன. எந்தக் கட்சி லாபமடைந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன் ஒழுங்காக மூன்று பட்டியல் எழுதிய ஊரில், யாரும் வோட்டுப் போடாத ஒரு சின்னப் பட்டியல் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. நமக்கு அது உறுத்தவும் இல்லை.

நகரசபைக் கதை இன்னும் சுருக்கம். 1968இல் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 வருஷம் கழித்து 2006இல். 2011இல் அவர்கள் காலம் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோயிற்று. கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் கட்டிய மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதே உருவில் திரும்பக் கட்டி 2021இல் திறந்துவிட்டார்கள். கட்டடத்தை மீட்பது சுலபமாக இருந்திருக்கிறது.

அந்த அம்மாளுக்கு வருகிறேன். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன், பிரெஞ்சு தெரியாது. எழுத்துக்கூட்டி ஆங்கில வாடையோடு அந்தப் பெயரைப் படித்துச் சொன்னேன். அவர் இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இவரு நல்லவரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "உள்ளே வச்ச ஆளைப் பத்தியும் தெரியாது" என்று சொல்லிச் சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

பெயரைச் சரியாக உச்சரித்தேனா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் சீட்டில் இருந்ததைத்தான் வாசித்தேன்.