பிளேக் காலத்துச் சட்டமும் ஒரு பரப்புக் காணியும்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட வெளிக்கிடுகிற எவரிட்டயும் சனம் முதல் கேட்கிறது, "பிளான் பாஸ் பண்ணியாச்சோ?" என்றுதான். இந்தப் பாஸ் எங்கேயிருந்து வந்தது என்று நாங்கள் தேடிப் போனால், 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தில் போய் நிற்கிறோம்.

1914இல் கொழும்பில் பிளேக் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகள் ஆட்சியாளருக்குப் பெரும் பயமாகிவிட்டன. அடுத்த வருசம் வந்த இந்தச் சட்டம், உள்ளூராட்சித் தலைவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்றது. கட்டி முடித்தாலும், ஒழுங்காகக் கட்டியிருக்கு என்ற சான்றிதழ் இல்லாமல் குடிபுகக்கூடாது. இன்றைக்கு சி.ஓ.சி. என்று சொல்லி நாங்கள் அலைகிற காகிதம் அதுதான்.

நியாயமான சட்டம்தான், மறுக்கேல்ல. ஆனால் நாலு பக்கமும் வேலியடைச்சு, நடுவில் வீடு, பின்னால் கிணறு என்று வாழ்ந்த எங்கட ஊருக்கு வெளிச்சம் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. எங்கட பிரச்சினை காகிதம். 1990களில் சீமெந்தே வடக்குக்கு வரத் தடை. கிடைத்ததை வைத்துக் கட்டின ஆக்கள் எந்தப் பிளானைப் பாஸ் பண்ணுவது? 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது உறுதியைக் கையோடு கொண்டுபோனவையும் இருக்கினம், விட்டுட்டுப் போனவையும் இருக்கினம். இப்ப விண்ணப்பத்தோடு முதல் கேட்பது அந்த உறுதியைத்தான்.

அதைவிடச் சிக்கலானது சீதனக் காணி. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 விதிகள் புதிதாகப் பிரிக்கும் துண்டுக்கு ஆகக் குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 6 பேர்ச் வேண்டும் என்றன. எங்கட ஒரு பரப்பு 10 பேர்ச். இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 5. ஒரு பேர்ச் குறைகிறதால் துண்டாக்க முடியாது. பிரிக்காமல் ஆளுக்கு அரைப்பங்கு என்று உறுதி முடிக்கிறார்கள். பிறகு தங்கச்சி வீட்டுக்குப் பிளான் போட்டால், மற்றப் பங்காளியின் சம்மதமும் தேவைப்படுகிறது. அக்கா கனடாவில்.