பெரியப்பாவின் கிளாரினெட் ரீட்

பாச்சலூருக்குக் குடிவந்த பிறகு, வெளியே போக முடியாத ஒரு மழைநாளில் பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். பெரியப்பாவின் கிளாரினெட் ரீட் ஒன்று கிடைத்தது. நுனி அலையலையாக நெளிந்திருந்தது. மலையில் ஈரமும் வெயிலும் மாறி மாறி வந்தால் நாணல் தட்டை இப்படித்தான் கோணிக்கொள்ளும்.

கிளாரினெட் நம்மூர் வாத்தியம் அல்ல. 1700ஐ ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் டென்னர் என்பவர் உருவாக்கியது. 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிருக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். மெல்ல முகவீணையின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. பின்னால் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரியே செய்தார். ராஜரத்தினம் பிள்ளை அவரை 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்றார். 2008இல் சங்கீத கலாநிதி, 2022இல் பத்மஸ்ரீ.

கேட்பவருக்கு ராகம்; வாசிப்பவருக்கு ரீட் கவலை. நாகஸ்வரக்காரருக்குத் திருவாவடுதுறைச் சீவாளி உண்டு. காவிரிக்கரை நாணலில் செய்வது, இரண்டு உதடுபோல ஒன்றோடொன்று அதிரும். கிளாரினெட்டில் ஒரே தட்டைதான். அது மவுத்பீஸின் வளைந்த முகத்தின்மேல் அதிர வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் காற்றுத்தான் வரும், இல்லையேல் கீச்சென்று கத்தும். பிரெஞ்சில் மவுத்பீஸுக்கு 'பெக்', அதாவது பறவையின் அலகு, என்று பெயர். எவ்வளவு பொருத்தம்!

அந்த அருமை எனக்குத் தெரிந்தது 1962 ஆனி மாதம், காரைக்காலில், மாங்கனித் திருவிழாவுக்கு நான்கு நாள் முன்பு. பெரியப்பாவின் மவுத்பீஸ் கைதவறி விழுந்து நுனி உடைந்துவிட்டது. கூட்டாளி ஒருவரிடம் இரவல் வாங்கி மாட்டினால், பெட்டியில் இருந்த ஒரு ரீட்டும் பேசவில்லை. திருவிழாக் கூலியை நம்பித்தான் அந்த மாத அரிசி.

டப்பாவை என்னிடம் நீட்டி, "பிரான்சுப் படிப்பு படிக்கிறியே, என்ன போட்டிருக்கான் பாருடா" என்றார். பாரிஸ் ஓபெராவில் கிளாரினெட் வாசித்த வான்டோரன் என்பவர் 1905இல் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. தட்டை தென் பிரான்சின் வார் பகுதியில் விளைவது. எண் 3 என்று படித்தேன்.

"அதான் சங்கதி" என்றார். இரவல் மவுத்பீஸின் வாய் அகலம். வாய் அகன்றால் ரீட் இளசாக இருக்க வேண்டும்; 3 அதற்கு முரடு. எண் 2 வாங்கக் காசும் இல்லை, நாளும் இல்லை.

ரீட்டைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, நைஸ் உப்புத்தாளால் நுனிக்குக் கொஞ்சம் பின்னால், இரு ஓரமும் நாலு நாலு இழுப்பு இழுத்தார். நடு முதுகைத் தொடவே இல்லை. எச்சிலில் நனைத்து மாட்டி, மவுத்பீஸைச் சற்றே இடமாகச் சாய்த்து ஊதினார், அப்புறம் வலமாக. எந்தப் பக்கம் அடைத்ததோ அந்தப் பக்கம் மட்டும் இன்னும் இரண்டு இழுப்பு. அதிகம் சீவிவிட்டால் நுனியை ஒரு மயிரிழை வெட்டிக் கெட்டியாக்கலாம். ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது. மாட்டும்போது மயிரிழை மேலே தள்ளினால் கெட்டி, கீழே இறக்கினால் இளசு. இரண்டு ரீட் பாழானது. மூன்றாவது பேசியது.

திருவிழாவில் வாசித்தார். கூலி வந்தது. அந்த ஆகஸ்டில்தான் எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதைவிட எனக்கு ஞாபகம் இருப்பது பெரியப்பாவின் கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூள்தான்.

நெளிந்த ரீட்டை நனைத்துக் கண்ணாடிமேல் அழுத்தி வைத்திருக்கிறேன். நுனி பாதி நிமிர்ந்திருக்கிறது.