ஹூக்ளி முதல் தோட்டக்குளம் வரை: நீரும் மின்சாரமும் சந்தித்த வரலாறு

தோட்டக்குளத்தில் நீரைச் சுழலவிடும் சிறு மோட்டார், நீருக்கடியில் எரியும் விளக்கு, கரையோரம் பொருத்தப்படும் இணைப்புப் பெட்டி ஆகியன இன்று எளிதில் வாங்கக்கூடிய பொருள்கள். ஆனால் மின்சாரத்தை நீரின் அருகே கொண்டுசெல்வது நெடுங்காலம் தீராச் சிக்கலாகவே இருந்தது. அதைத் தீர்க்க முயன்றவர்களின் வரலாற்றில் இரண்டு எண்ணங்களைக் காணலாம். நீரை உள்ளே விடாதே என்பது முதலாவது. நீர் எப்படியும் உள்ளே வரும், வரும்போது உயிர் போகாதிருக்க வழிசெய் என்பது இரண்டாவது. முதல் எண்ணம் இரண்டாவதோடு சேர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

அவ்வரலாற்றின் தொடக்கப் பக்கங்களுள் ஒன்று கல்கத்தாவைச் சார்ந்தது. அயர்லாந்தில் பிறந்த மருத்துவர் வில்லியம் புரூக் ஓஷாக்னசி, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். 1839இல் அவர் தந்திச் சோதனைகளை நடத்தி, ஹூக்ளி ஆற்றின் நீருக்கடியில் கம்பியைச் செலுத்தினார். கம்பியின்மேல் கீல் பூசி, பிளந்த பிரம்பினால் பொதிந்து, தார் தோய்ந்த நூலைச் சுற்றியதே அவர் கண்ட காப்பு. கீலும் தார் நூலும் படகு கட்டுவோரின் கைப்பொருள்கள். நீருக்கடியில் நீண்டநாள் நிலைக்கக்கூடிய காப்புப்பொருள் மின்னியலுக்கு அன்று வாய்க்காத நிலையில், மரக்கலம் காத்த அறிவே கம்பியையும் காக்க முன்வந்தது.

அப்பொருள் மலாய் நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. அதன் பெயரான கட்டாப்பர்ச்சாவில் உள்ள முதற்சொல், மரப்பிசினைக் குறிக்கும் ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் இப்பிசினை மலாய் மக்கள் கத்திப்பிடி செய்யப் பயன்படுத்தினர். கம்பெனியின் மருத்துவராகச் சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மான்ட்கோமரி 1840களில் இதனை ஆங்கிலேயரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1847இல் வெர்னர் சீமன்ஸ், கம்பியின்மேல் இதனை இணைப்பின்றிப் பொதியும் முறையை உருவாக்கினார். 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியிலும், 1866இல் அட்லாண்டிக்கின் அடியிலும் நிலைத்துநின்ற வடங்கள் இப்பிசினைப் போர்த்தியவையே. அதற்கான விலையைக் காடுகள் கொடுத்தன. பிசினுக்காக மரங்கள் அடியோடு வெட்டப்பட்டமையால், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அம்மரங்கள் அரிதாயின.

கட்டாப்பர்ச்சா கற்பித்த பாடம் ஒன்று உண்டு. குளிர்ந்த, இருண்ட கடலடியில் பல்லாண்டு கெடாத அப்பொருள், வெயிலும் காற்றும் பட்டால் உயிர்வளியேற்றத்தால் நொறுங்கி வெடித்துவிடும். நீரைத் தாங்குவது வேறு, வானிலையைத் தாங்குவது வேறு என்பது இதிலிருந்து விளங்கியது. 1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டுப் பின்னர் கட்டாப்பர்ச்சாவின் இடத்தைப் பிடித்த பாலிஎத்திலீனுக்கும் இதே குறை இருந்தது. வெயிலைத் தடுக்க அதனுடன் கரித்தூள் சேர்க்க வேண்டியிருந்தது. வெளிப்புற வடங்கள் பலவும் கறுப்பாக இருப்பதன் காரணம் இதுவே.

காப்பின் அளவை எண்ணால் குறிக்கும் முறை 20ஆம் நூற்றாண்டில் உருவானது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1976இல் வெளியிட்ட தரம் அதற்குப் பொதுவடிவம் தந்தது. ‘ஐ.பி.’ என்ற எழுத்துகளை அடுத்து வரும் முதல் இலக்கம் தூசுக்கும், இரண்டாம் இலக்கம் நீருக்கும் உரியது. நீருக்குரிய இலக்கத்தில் 4 என்பது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்குவது. 5 என்பது பீய்ச்சும் நீரைத் தாங்குவது. 7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்குவது. 8 என்பது உற்பத்தியாளர் குறிக்கும் நிலைமைகளில் தொடர்ந்து மூழ்கியிருக்கத் தக்கது. இது ஏறுவரிசை ஏணி என்று கருதுவது பிழை. 7 பெற்ற கருவி, தனியே குறிக்கப்பட்டாலன்றி, பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்று கொள்ள இயலாது. வெயில், அரிப்பு, உள்ளே படியும் ஈரம் ஆகியவற்றையும் அந்த எண் அளப்பதில்லை.

இறுக மூடிய பெட்டிக்குள்ளும் நீர் புகும் வழி வியப்புக்குரியது. கருவி இயங்குகையில் உள்ளிருக்கும் காற்று வெப்பமடைந்து விரிந்து, சிறிது வெளியேறும். கருவி நின்று குளிர்ந்ததும் உள்ளழுத்தம் குறைய, ஈரக்காற்றோ மழைநீரோ வடம் நுழையும் துளை வழியே உள்ளிழுக்கப்படும். நாள்தோறும் நிகழும் இம்மூச்சைத் தடுப்பது கடினம். எனவேதான் சில வெளிப்புறப் பெட்டிகளின் அடியில் வடிதுளை விடப்படுகிறது. புகுந்த நீர் வெளியேறட்டும் என்ற அந்தத் துளையிலேயே இரண்டாம் எண்ணத்தின் கூறு அடங்கியுள்ளது.

அவ்வெண்ணத்தை உயிர்காக்கும் கருவியாக்கியவருள் கலிபோர்னியாப் பேராசிரியர் சார்லஸ் டால்ஜியல் முக்கியமானவர். மின்கம்பியைப் பிடித்தவர் எந்த அளவு மின்னோட்டம் வரை தம் கையைத் தாமே விடுவித்துக்கொள்ள இயலும் என்பதை அவர் தன்னார்வலரிடம் அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. வீட்டு உருகி காத்திருக்கும் பல ஆம்பியரோடு ஒப்பிட்டால் இது மிக அற்பமான அளவு. உருகி காப்பது கம்பியை. மனிதரைக் காக்க வேறொன்று வேண்டும். 1961இல் அவர் உருவாக்கிய கருவி, சென்ற மின்னோட்டத்தையும் திரும்பிய மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு கண்டவுடன் இணைப்பைத் துண்டித்தது. அமெரிக்க மின்விதித் தொகுப்பு 1968இல் இதனை முதலில் வலியுறுத்திய இடம் நீச்சல்குளத்தின் நீரடி விளக்கு. நீரும் மின்சாரமும் மனிதரும் ஒன்றாய்க் கூடும் இடத்திலிருந்தே சட்டம் தொடங்கியது பொருத்தமே.

இந்தியக் கடைகளில் ஆர்.சி.சி.பி. எனக் கேட்டு வாங்கப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் இவ்வழியில் வந்ததே. உயிர்காப்புக்கு உரியது 30 மில்லிஆம்பியர் வகை. மனிதர் இறங்கும் குளத்தினுள் 12 வோல்ட்டுக்கு மேற்பட்ட மாறுமின் அழுத்தம் கூடாது என்னும் பன்னாட்டு விதியும் காப்பு தோற்கும் என்ற கணிப்பின்மேல் எழுந்ததே. ஆயினும் பல இடங்களில் முதல் எண்ணம் மட்டுமே ஆட்சி செய்கிறது. இணைப்பில் ஒட்டுநாடா சுற்றி, அதன்மேல் நெகிழிப்பை கட்டினால் போதும் என்ற நம்பிக்கை, ஓஷாக்னசியின் கீலையும் பிரம்பையும் இன்னும் கடக்கவில்லை. அவருடைய கம்பியில் ஓடியது மின்கலத்தின் மெல்லிய மின்னோட்டம். இன்றைய கம்பியில் நிற்பது 230 வோல்ட். மழைக்காலந்தோறும் தேங்கிய நீரில் கால்வைத்து மாண்டவர்களைப் பற்றிய செய்திகள் இந்திய நகரங்களிலிருந்து வருகின்றன. அவற்றை விபத்து என்று சொல்லிக் கடந்துவிடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. காப்பு தோற்கும்போது என் செய்வது என்ற வினாவுக்கு விடை கிடைத்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. அவ்விடை இன்னும் சென்று சேராத இடங்களிலேயே உயிர்கள் போகின்றன.