வெட்ஜ் மட்டையின் பூர்வோத்தரம்

ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில் கோல்ஃப் வளர்ந்த நாளில், மாஷி, நிப்லிக் முதலிய நாமங்களைத் தாங்கிய இரும்பு மட்டைகளைக் கொல்லர்கள் உலைக்களத்தில் தனித்தனியே அடித்துக் கொடுத்தார்களேயன்றி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே முகத்தின் சாய்வில் இன்ன அளவு வேறுபாடு இருத்தல் வேண்டும் என்ற நியதியை வகுத்தார்களில்லை. ஆட்டக்காரரே தம் கைக்கு இசைந்தவற்றைத் தேடிச் சேர்த்தார். எஃகுத் தண்டைப் பிரிட்டன் 1929-ல் அனுமதித்ததையொட்டி, எண்ணிட்ட மட்டைகளைத் தொகுதியாக விற்கும் வழக்கம் வேரூன்றவே, பழம்பெயர்கள் மறைந்து, எண் ஏற ஏறச் சாய்வும் ஏறும் என்பது விதியாயிற்று.

இந்தக் கட்டுக்கோப்பான குடும்பத்தில் மணற்குழிக்குரிய வெட்ஜ் பிறக்கவில்லை. வெளியிலிருந்து வந்து புகுந்தது. மணற்குழியில் கிடக்கும் பந்தை நிப்லிக்கால் அடித்தால், அதன் கூரிய விளிம்பு மண்வெட்டியைப் போல் புதைந்துவிடும். இதற்குப் பரிகாரமாகத் தோன்றிய, முகம் குழிந்த மட்டையோ 1931-ல் விலக்கப்பட்டது. விமானம் மேலெழும்போது வால் தாழ்வதைக் கண்டதே தமக்கு இந்த யுக்தியைத் தந்ததென்று பிற்காலத்தில் கூறிய அமெரிக்கர் ஜீன் சாரசன், நிப்லிக்கின் அடிப்பாகத்தில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்விளிம்பு முன்விளிம்பினும் தாழ்ந்திருக்குமாறு அராவினார்; அது மணலில் புதையாது வழுக்கிச் செல்ல, பந்து மணலோடு எழும்பியது. அம்மட்டையுடன் அவர் 1932-ல் பிரின்ஸஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை 283 வீச்சுகளில் வென்றார்.

ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்று 1938-ல் அமெரிக்காவும் மறு ஆண்டில் பிரிட்டனும் வரையறுத்தபின், புதியதொன்று பையில் புகவேண்டுமாயின் பழையதொன்று வெளியேற வேண்டியதாயிற்று.

பிற்காலத்தில், பந்து தூரம் செல்ல வேண்டுமென்ற ஆசையால் உற்பத்தியாளர் இரும்பு மட்டைகளின் சாய்வைக் குறைத்துக்கொண்டே வந்தனர். ஒரு காலத்தில் ஏறக்குறைய 50 பாகையில் நின்ற, தொகுதியின் கடைசி இரும்பாகிய பிட்சிங் வெட்ஜ் இன்று 45 பாகைக்கும் கீழே இறங்கியிருக்க, மணல் வெட்ஜ் மட்டும் 56 பாகையின் அருகிலேயே நின்றுவிட்டது. இடையே விழுந்த பள்ளத்தை நிரப்பவே 50 பாகையையொட்டிய 'கேப் வெட்ஜ்' பிறந்தது. ஆகவே வெட்ஜ் வாங்குவோர் தம் தொகுதியின் கடைசி இரும்பு எத்தனை பாகை என்பதை முதலில் அறிந்து, அதிலிருந்து நான்கு முதல் ஆறு பாகை இடைவெளியில் மற்றவற்றை அமைத்துக்கொள்வதே முறை. பெயர் நிலைத்து அளவு மாறிவிட்ட இக்காலத்தில், பொறித்த எழுத்தை நம்பாமல் சாய்வைக் கேட்டறிந்து சேர்ப்பவர், உலைக்களத்து வாசலில் ஒவ்வொன்றாகக் கைபார்த்து வாங்கிய பழைய ஆட்டக்காரரின் வழிக்கே திரும்புகிறார்.