மடக்குக் கத்தியின் உறையும் ஆவாரம் பட்டையும்

இது நீண்ட பதிவு. காப்பியை ஆற்றிக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "சார், ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். அதற்கு நானே கையால் தோல் உறை தைக்கலாம் என்று ஆசை. கடையில் நூறு வகைத் தோல் இருக்கிறது. எதை வாங்குவது?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் வரலாறாகத்தானே வரும்!

முதலில் கத்தி. மடக்குக் கத்தியை நம் வீடுகளில் 'பேனாக்கத்தி' என்றே சொல்வோம். அந்தக் காலத்துப் பேனா என்பது பறவையின் இறகு. எழுத எழுத அதன் முனை மழுங்கும். அதைச் சீவிக்கொள்ள வைத்திருந்த சின்னக் கத்திதான் பேனாக்கத்தி. இறகுப் பேனா போய், கட்டைப் பேனா போய், ஊற்றுப் பேனாவும் போய்விட்டது. பெயர் மட்டும் கத்தியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மடக்கினால் கத்திமுனை பிடிக்குள் போய்விடுகிறதே, அதற்கு எதற்கு உறை என்று கேட்கலாம். சட்டைப்பையில் போட்டால் கனத்தில் பை கிழியும். பையிலுள்ள நூலும் தூசியும் கத்தியின் கீலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உழவரும் ஆடு மேய்ப்பவரும் தோட்ட வேலைக்காரரும் இடுப்பு வாரில் மாட்டுகிற மாதிரி ஒரு தோல் உறையில் வைத்துக்கொண்டார்கள். பிரான்ஸில் 1890இல் ஜோசப் ஒப்பினல் என்பவர் உருவாக்கிய மரப்பிடி மடக்குக் கத்தி இன்றைக்கும் விற்கிறது. அதற்கும் தோல் உறை விற்கிறார்கள்.

இப்போது தோலுக்கு வருவோம். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும், காய வைத்தால் பலகை போல விறைக்கும். அதை அழுகாமலும் வளையும்படியும் ஆக்குவதுதான் பதனிடுதல். உலகம் முழுவதும் இதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று மரப்பட்டை, காய் இவற்றின் துவர்ப்பால் பதனிடுவது. மற்றொன்று குரோமியம் உப்பால் பதனிடுவது.

துவர்ப்பு என்றால் என்ன? பிஞ்சு வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறது அல்லவா, அதுதான். எச்சிலில் உள்ள புரதத்தோடு டானின் என்கிற பொருள் போய்ச் சேர்வதால் அப்படி ஆகிறது. தோலிலும் இருப்பது புரதம்தான். நாக்கில் ஒரு நொடி நடப்பதைத் தோலில் வாரக்கணக்கில் நடக்க விட்டால் அதுவே பதனிட்ட தோல்.

நம் ஊர்ப்பக்கம் அந்தத் துவர்ப்பைக் கொடுத்தது ஆவாரம் பட்டை. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழி சொல்லி, பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரைதான். சங்க காலத்தில் மடலேறும் தலைவன் சூடிக்கொண்ட பூவும் இதுதான். தண்ணீரே இல்லாத கரட்டு நிலத்திலும் வளரும். ஏழைக் குடும்பங்கள் குச்சியை வெட்டி, பட்டையை உரித்து, காய வைத்து விற்றன. ஆங்கிலேயர் இந்தச் செடிக்கே 'தோல் பதனிடுவோரின் செடி' என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார்கள்.

வேலை நடந்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்பிட்டு வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊற வைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரைத் தளர்த்திச் சுரண்டுவார்கள். உட்புறத்துச் சதையைக் கத்தியால் வழிப்பார்கள். சுண்ணாம்பை நீக்கிக் கழுவிய பிறகு ஆவாரம் பட்டைச் சாற்றுக் குழிகளில், இளம் சாற்றிலிருந்து கடும் சாற்றுக்கு, படிப்படியாக மாற்றுவார்கள். கடைசியில் கடுக்காய்ச் சாறு. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். கடுக்காய் அதைத் தடுத்து வெளிர்மஞ்சளாக நிறுத்தும். பிறகு புங்க எண்ணெய் தடவிக் காய வைப்பார்கள்.

இந்தத் தோல்தான் 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. 'ஈ.ஐ. தோல்', அதாவது கிழக்கிந்தியத் தோல் என்று அங்கே பெயர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி, ஈரோடு என்று ஊர் ஊராகத் தோல் ஷாப்புகள் எழுந்தன. முதல் போட்டவர்களில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் முக்கியமானவர்கள். அந்தப் பணத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் வந்தன. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. முதல் உலகப் போரின்போது, 1916இல், பிரிட்டிஷ் அரசு சென்னை மாகாணத்துத் தோலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவின் சேற்றுக் குழிகளில் நின்ற சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலில் நம் கரட்டு நிலத்து ஆவாரையும் கொஞ்சம் இருந்தது.

பெருமை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது. இந்தத் தோலுக்கு ஒரு குறையும் இருந்தது. இதே முறையில் பதனிட்ட ஆட்டுத் தோலை லண்டனில் 'பெர்ஷியன்' என்ற பெயரில் புத்தகக் கட்டுக்கு நிறையப் பயன்படுத்தினார்கள். சில பத்தாண்டுகளில் அந்த அட்டைகள் செம்பொடியாக உதிரத் தொடங்கின. 1900களின் தொடக்கத்தில் லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. புத்தகக் கட்டுக்கு இந்தத் தோல் ஏற்றதல்ல என்று அந்தக் குழு தெளிவாகவே எழுதியது. பழைய நூலகங்களில் தடித்த புத்தகத்தை எடுத்தால் கையில் செந்தூள் ஒட்டுமே, அதுதான் அந்த நோய்.

மற்ற வழிக்கு வருவோம். குரோமியம் உப்பால் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் ஆகும் வேலை ஓரிரு நாளில் முடிந்தது. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் அரசு சார்பில் இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய நோக்கங்களில் ஒன்று என்ன தெரியுமா? கவலை ஏற்றத்துக்கான தோல் சால்! கிணற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க நனையும் சாலுக்குக் குரோம் தோல் நன்றாகத் தாக்குப் பிடிக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். பின்னர் பல்லாவரம் பக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். மின்சார ரயிலில் 'குரோம்பேட்டை' என்ற பலகையைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரின் காரணத்தைச் சொல்லுங்கள்.

சரி, மாணவருக்குப் பதில். கத்தி உறைக்குப் பட்டைத் தோல்தான் வேண்டும். காரணம் எளிது. பட்டைத் தோலை நனைத்து, கத்தியை மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே வைத்து, விரலால் அழுத்தி நிழலில் காய வைத்தால், கத்தியின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். குரோம் தோல் துணி மாதிரி. எவ்வளவு அழுத்தினாலும் பழைய நிலைக்கே போய்விடும். கடையில் கண்டுபிடிக்க ஒரு வழி: மேல்பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பட்டைத் தோல் உறிஞ்சிக் கறுக்கும். ஒரு துண்டைக் கொளுத்தினால் குரோம் தோலின் சாம்பல் பச்சை சாயலில் இருக்கும். இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் கனம் போதும்.

முதலில் காகிதத்தைக் கத்தியின் மேல் மடித்து அளவெடுங்கள். தையலுக்கு ஓரத்தில் ஐந்து மில்லிமீட்டர் விடுங்கள். ஓட்டைகளைச் சம இடைவெளியில் குத்தூசியால் போட்டு, மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக நுழைத்து இழுங்கள். ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலில் ஓர் இடத்தில் அறுந்தால் மேலும் பிரிந்துகொண்டே போகும். நீண்ட கத்தியின் உறையென்றால் கூர்முனை நூலை அறுக்காமலிருக்க நடுவில் இன்னொரு தோல் பட்டி வைக்க வேண்டும். மடக்குக் கத்திக்கு அது தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. கத்தியை மாதக்கணக்கில் உறையிலேயே போட்டு வைக்காதீர்கள். ஈரம் பட்டால் தோலின் டானினும் கத்தியின் இரும்பும் சேர்ந்து கருங்கறை பிடிக்கும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுமை காய்ச்சினார்களே, அதே வினைதான் இது. இறகைச் சீவிய கத்தி, அந்த இறகு தொட்ட மை, கத்தி உறங்கும் உறை மூன்றும் ஒரே துவர்ப்பின் உறவுக்காரர்கள்!

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

புறநானூற்றின் 82ஆம் பாடலில் ஒரு காட்சி. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, மழை வேறு கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டிலுக்கு வார் இழுத்துப் பின்னுகிறான் ஒருவன். அவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு வேகமாகப் போகுமோ, அவ்வளவு வேகமாக இருந்ததாம் கிள்ளியின் மற்போர். ஒரு அரசனின் வீரத்தைச் சொல்லப் புலவருக்குக் கிடைத்த உவமை ஒரு தோல் தொழிலாளியின் கைவேகம். ஆனால் அந்தத் தொழிலாளியைக் குறிக்கப் பாடலில் வரும் சொல் அவனை இழிந்தவன் என்கிறது. கைக்குப் புகழ், கைக்குரியவனுக்கு இழிவு. இரண்டாயிரம் ஆண்டுக் கதை ஒரே பாடலில் இருக்கிறது.

கவலைச் சாலைத் தைத்தவர்கள் இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் கிணற்றுப் பாசனமே இல்லை. மோட்டார் வந்ததும் சால் போனது; தைத்தவரின் வேலையும் போனது. இழிவு மட்டும் போகவில்லை. சுண்ணாம்புக் குழியில் நின்று கையும் காலும் வெந்தவர்களின் வாழ்க்கையை அறிய வேண்டுமானால், திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலைப் படியுங்கள். 2012இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது.

பிறகு ஆறு. 1972இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதாக முடித்த தோலும் செருப்பும் அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாட்டுக்கு வருமானம் கூடியது. குரோம் முறையும் பெருகியது. கழிவு பாலாற்றுக்கும் நிலத்தடிக்கும் போனது. பட்டை முறையிலும் உப்பும் சுண்ணாம்பும் கழிவாகத்தான் போயின. ஆனால் அளவும் வேகமும் இப்போது வேறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்றும், திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் ஆய்வு செய்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்றும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பால்தான். சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பாடம். பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இது குடிதண்ணீர்.

அதன் பிறகும் முடியவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

என் வகுப்பில் வருகைப் பதிவேட்டுக்காக அப்பாவின் தொழிலைக் கேட்டால், 'ஷாப்பு வேலை' என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்த பிள்ளைகள் உண்டு. 'செருப்புத் தைக்கிறார்' என்பதைச் சொல்லாமல் 'கூலி' என்று எழுதச் சொன்ன பிள்ளைகளும் உண்டு. அவர்களில் சிலர் இன்று பொறியாளர், செவிலியர், ஆசிரியர். இந்தப் பதிவைப் படித்துக்கொண்டும் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞர்களை வரிசைப்படுத்தும்போது பொற்கொல்லரோடு தோல் தைப்பவரையும் அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. உங்கள் அப்பா செய்த தொழிலில் வேதியியலும் இருந்தது, கலையும் இருந்தது, உலக வணிகமும் இருந்தது. இல்லாமல் போனது நியாயமான கூலியும் மரியாதையும்தான். அவற்றைக் கொடுக்காதவர்கள்தான் தலைகுனிய வேண்டும்.

உறை தைக்கப்போகும் எல்லோருக்கும் ஒரு வேலை தருகிறேன். இதை வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் போங்கள். "ஐயா, இதை எப்படித் தைக்கிறது, கொஞ்சம் சொல்லிக்கொடுங்க" என்று கேளுங்கள். கற்றுக்கொடுத்ததற்குக் கூலி கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் தோல் தொழில் செய்த தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா இருந்தவர்கள், அவர்கள் பயன்படுத்திய கருவிகளின் பெயர்களையும் வேலைச் சொற்களையும் கீழே எழுதுங்கள். அகராதியில் ஏறாத சொற்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.